கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம்: அபர்ச்சரைக் கற்றுக்கொடுக்கும் லென்ஸ்

புதிதாக டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியவர் அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் முதல் கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் இளைஞர்கள் வரை ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் பதில், "முதல்ல ஒரு 50 எம்எம் வாங்கிக்கோங்க" என்பதாகத்தான் இருக்கும். கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு அந்தப் பதில் சுட்டுவது 2015இல் வெளிவந்த இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை (எஸ்டிஎம் என்பது இதன் ஃபோகஸ் மோட்டாரின் வகை). ஏன் இதை வாங்க வேண்டும் என்று மேலும் கேட்டால், பின்னணி நன்றாக மங்கும் என்ற ஒரே காரணத்தோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தக் காரணம் உண்மையானது. ஆயினும் இந்த லென்ஸை நெடுநாள் பயன்படுத்தியவன் என்ற முறையில், இதன் பெரிய பயன் வேறிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, அதாவது அபர்ச்சரை, திறந்தால் என்ன ஆகும், மூடினால் என்ன ஆகும், ஓரடி முன்னே நகர்ந்தால் படத்தில் எது தெளியும், எது மங்கும் என்பதையெல்லாம் புதியவருக்கு இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டித்தரும் கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்தக் கோணத்திலிருந்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

உடலமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடை சுமார் 160 கிராம். 5 தொகுதிகளாக அமைந்த 6 வில்லைகள், 7 இதழ்கள் கொண்ட அபர்ச்சர், 49 மி.மீ. ஃபில்டர் அளவு, உலோக மவுண்ட், 35 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் வசதி ஆகியவை இதன் அடிப்படைத் தகவல்கள். 1990 முதல் விற்பனையில் இருந்த இதன் முந்தைய பதிப்பில் மவுண்ட் பிளாஸ்டிக்கால் ஆனது, இதழ்கள் 5, நெருங்கக்கூடிய தூரம் 45 செ.மீ. மட்டுமே, ஃபோகஸ் மோட்டாரின் சத்தமும் அதிகம். புதிய பதிப்பின் வெளியுடல் பிளாஸ்டிக்காக இருந்தாலும் பொருத்தும் இடம் உலோகமாக இருப்பதால், அடிக்கடி லென்ஸ் மாற்றுகிறவர்கள் அச்சமின்றிப் புழங்கலாம்.

இனி அபர்ச்சருக்கு வருவோம். லென்ஸின் குவியத் தூரத்தை, முன்பக்கமிருந்து பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளையின் விட்டம் ஏறக்குறைய 28 மி.மீ.; எஃப் 8 என்றால் 6 மி.மீ.க்குச் சற்று மேல். எஃப் 16 என்றால் 3 மி.மீ. அளவுதான். எண் பெரிதாகும்போது துளை ஏன் சிறிதாகிறது என்று குழம்புகிறவர்களுக்கு இந்த வகுத்தல் கணக்கே போதுமான விடை. இதைக் கண்ணாலேயே பார்த்துவிடவும் முடியும். மேனுவல் மோடில் ஷட்டரை (ஒளி பதியும் நேரத்தை) 2 விநாடிக்கும் அபர்ச்சரை எஃப் 16க்கும் வைத்து, கேமராவை மேசைமேல் வைத்து, லென்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தபடி பட்டனை அழுத்த வேண்டும். அதுவரை அகலத் திறந்திருந்த துளை, ஏழு இதழ்களும் உள்நோக்கி மூடி ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கி, 2 விநாடி அப்படியே நின்று, மீண்டும் விரியும். எஃப் 8க்கும் எஃப் 4க்கும் மாற்றி இதையே செய்து பார்த்தவர், அதன்பின் எஃப் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. படம் பதிவாகும் அந்தக் கணத்தில் மட்டுமே துளை சுருங்குகிறது, வியூஃபைண்டரில் நாம் பார்ப்பது எப்போதும் திறந்த துளையின் வழியாகத்தான் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

துளை சிறுத்தால் தெளிவின் ஆழம் ஏன் கூடுகிறது என்பதற்குத் தருமபுரி பஸ் நிலையத்திலேயே விளக்கம் கிடைக்கும். கண்ணாடி அணிய மறந்த ஒருவர், தூரத்தில் நிற்கும் பஸ் பென்னாகரம் போகிறதா பாலக்கோடு போகிறதா என்று பார்க்கக் கண்ணைச் சுருக்குவார். எழுத்து ஓரளவு தெளியும். அவர் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் குறைந்ததே அதற்குக் காரணம். லென்ஸிலும் நடப்பது இதுதான். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, துளையின் முழு அகலத்திலும் நுழைந்து, சென்சாரை நோக்கிக் கூம்பு போலக் குவிகிறது. நாம் ஃபோகஸ் செய்த தூரத்தில் இருக்கும் பொருளின் கூம்பு சென்சாரின்மேல் சரியாக முனை கொள்ளும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் பொருள்களின் கூம்பு முனை கொள்ளாமல் ஒரு சிறு வட்டமாக விழும். துளை அகலமானால் கூம்பும் அகலம், வட்டமும் பெரிது. துளை சிறுத்தால் கூம்பு மெலிந்து, நம் கண் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு வட்டம் சிறுத்துவிடும். அப்படிக் கண் ஏற்றுக்கொள்ளும் வட்டங்கள் விழுகிற முன்பின் தூரத்தைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறோம். அந்த எல்லைக்கு அப்பால் படம் சட்டென மங்குவதில்லை, படிப்படியாகத்தான் மங்குகிறது.

இந்தப் பாடத்தைக் கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் கற்பது கடினம். இஓஎஸ் 1500டி போன்ற ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமராவில் அந்த லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து, எஃப் 5.6இல், 2 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், சுமார் 1.2 மீட்டரிலிருந்து 5.7 மீட்டர் வரை எல்லாமே தெளிவாகப் பதியும். நிற்பவர், அவருக்குப் பின்னாலுள்ள கதவு, அதற்கும் பின்னாலுள்ள கொடிக்கம்பி என எதுவும் மங்காது. அதையே 55 மி.மீ.க்குக் கொண்டுபோனால் ஆழம் 28 செ.மீ. அளவுக்கு இறங்கும். ஆனால் ஜூமைத் திருப்பும்போது குவியத் தூரம் மாறுகிறது, சட்டகம் மாறுகிறது, கிடைக்கும் மிகப் பெரிய துளையும் எஃப் 3.5இலிருந்து எஃப் 5.6க்குப் போய்விடுகிறது, ஆகவே படத்தில் நேர்ந்த மாற்றம் எதனால் என்று புதியவரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. 50 மி.மீ. லென்ஸில் ஜூம் இல்லை. மாற்றக்கூடியவை துளையும் தூரமும் மட்டுமே. எஃப் 1.8இல் அதே 2 மீட்டரில் தெளிவின் ஆழம் சுமார் 11 செ.மீ.; எஃப் 2.8இல் 17 செ.மீ.; எஃப் 8இல் 48 செ.மீ. காரணமும் விளைவும் அருகருகே நிற்கின்றன.

புதியவருக்கு நான் பரிந்துரைக்கும் முதல் பயிற்சிக்கு ஓர் அளவுகோலும் ஏழெட்டு நெல்லிக்காயும் போதும். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் ஊரில் இதற்கு வேறு பொருள் தேட எனக்கு மனம் வரவில்லை. திண்ணையிலோ மேசையிலோ அளவுகோலை நீளவாக்கில் வைத்து, அதன் ஓரமாக 5 செ.மீ.க்கு ஒன்றாகக் காய்களை அடுக்கி, நடுக்காய் கேமராவிலிருந்து 1 மீட்டரில் இருக்கும்படி சற்றுத் தாழ்ந்த கோணத்தில் எடுக்க வேண்டும். கேமராவை ஏவி மோடில் வைத்து அபர்ச்சரை மட்டும் மாற்றினால், ஷட்டரைக் கேமராவே சரிசெய்துகொள்ளும். எஃப் 1.8இல் தெளிவின் ஆழம் சுமார் இரண்டரை செ.மீ. என்பதால், நடுக்காய் ஒன்றுதான் தெளிவாக இருக்கும். அதன் தோலில் ஓடும் மெல்லிய வரிகள்கூடத் தெரியும், பக்கத்துக் காய்களின் விளிம்பு கரைந்திருக்கும். எஃப் 4இல் 6 செ.மீ., எஃப் 8இல் 12 செ.மீ., எஃப் 16இல் 23 செ.மீ. என்று ஆழம் விரிந்துகொண்டே போவதை அளவுகோலின் கோடுகளை வைத்தே எண்ணிவிடலாம். எஃப் எண் இரட்டித்தால் ஆழமும் ஏறக்குறைய இரட்டிக்கிறது, அதற்கு ஈடாக ஒளி நாலில் ஒரு பங்காகக் குறைகிறது என்ற உறவு இந்த ஒரு வரிசைப் படங்களிலேயே கிடைத்துவிடும். பிறகு அபர்ச்சரை எஃப் 4இலேயே நிறுத்திவிட்டுத் தூரத்தை மட்டும் மாற்ற வேண்டும். அரை மீட்டருக்கு நெருங்கும்போது ஆழம் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதைப் பார்க்கும் எவரும், தூரத்தின் செல்வாக்கு துளையின் செல்வாக்கைவிட வலுவானது என்பதை ஒப்புக்கொள்வார்.

பின்னணி மங்குவதற்கும் தெளிவின் ஆழத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். 2 மீட்டரில் நிற்பவருக்கு ஓரடி பின்னால் சுவர் இருந்தால், எஃப் 1.8இல்கூடச் சுவரின் சுண்ணாம்புத் திட்டுகள் அடையாளம் தெரியும். அதே ஆளை, அதே தூரத்தில், பின்னால் வெகுதூரம் மாந்தோப்பு விரிந்திருக்கும் இடத்தில் நிறுத்தினால், பின்னணி முன்னதைவிட ஏழெட்டு மடங்கு அதிகமாக மங்கும். தெளிவின் ஆழம் இரண்டு படங்களிலும் அதே 11 செ.மீ.தான், மாறியது பின்னணியின் தொலைவு மட்டுமே. இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒன்று கிடைக்கிறது. ஆளைச் சுவரிலிருந்து நன்றாக விலக்கி நிறுத்திவிட்டால் எஃப் 4இலேயே பின்னணி இதமாக மங்கும், முகம் முழுவதும், காது வரை, தெளிவாகவும் இருக்கும். சுவரை ஒட்டி நிற்கவைத்துவிட்டு எஃப் 1.8க்குப் போவதைக் காட்டிலும் இது எல்லா வகையிலும் மேல்.

தெளிவு என்பது ஒரு தளம் என்பதையும் இந்த லென்ஸ் அழகாக உணர்த்துகிறது. நம் இரு மாவட்டங்களிலும் வயலோரங்களிலும் ஊர் எல்லைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன; தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் பல நடுகற்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு நடுகல்லின் முன், கேமராவின் முதுகு கல்லின் முகப்புக்கு இணையாக இருக்கும்படி நேராக நின்று எஃப் 2.8இல் எடுத்தால், வீரனின் வாளும் இடுப்புக் கச்சையும் மேலே பொறித்த எழுத்துகளும் ஒரே அளவு தெளிவாக வரும், பின்னாலிருக்கும் முட்புதர் மட்டும் விலகிப் போகும். புடைப்புச் சிற்பத்தின் ஆழம் சில செ.மீ. மட்டுமே என்பதால் மெல்லிய தெளிவுத்தளமே அதற்குப் போதுமானது. அதே கல்லைப் பக்கவாட்டில் சாய்ந்த கோணத்தில் எடுத்தால், தளம் கல்லைக் குறுக்காக வெட்டிச் செல்லும். வாள் தெளிந்து எழுத்து மங்கும். அபர்ச்சரைத் தொடாமலே, நிற்கும் கோணத்தை மாற்றித் தெளிவை ஆளலாம் என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. எழுத்துகளை வாசிப்பதற்காகவே படம் எடுக்கிறவர்கள் எஃப் 5.6 அல்லது எஃப் 8 வைத்துக்கொள்வது நல்லது. இந்த லென்ஸ் ஓரம் வரை மிகக் கூர்மையாக இருப்பதும் அந்த அளவுகளில்தான்.

தை, மாசி மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகள் பூக்கும்போது, இதன் நெருக்க எல்லையான 35 செ.மீ.க்குப் போய்ப் பார்க்கலாம். அந்தத் தூரத்தில் எஃப் 1.8இல் தெளிவின் ஆழம் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் ஒடுங்கிவிடுகிறது. ஒரு பூங்கொத்தில் ஒரே ஒரு பூவின் இதழ் மட்டும் தெளியும். மெல்லிய காற்றில் கொத்து அசைந்தாலும், எடுப்பவர் மூச்சு வாங்கினாலும் அந்த இதழும் கைவிட்டுப் போகும். இங்கே எஃப் 8க்கு மூடுவதே பயன் தரும். இது மேக்ரோ லென்ஸ் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். இதன் உருப்பெருக்கம் 0.21 மடங்கு வரைதான்.

என்னைப் பொறுத்தவரை இந்த லென்ஸின் முழுப் பெறுமானமும் வெளிப்படும் இடம் தெருக்கூத்து. கோடைக் காலத்தில் இப்பகுதியின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, பகலில் சொற்பொழிவும் இரவில் கூத்தும் இருக்கும். வெளிச்சம் சில விளக்குகளிலிருந்து மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் ஓர் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) அளவில் கிட் லென்ஸ் 55 மி.மீ.யில், எஃப் 5.6இல், விநாடியில் 60இல் ஒரு பங்கு ஷட்டரைத் தந்தால், இந்த லென்ஸ் எஃப் 2.8இல் 250இல் ஒரு பங்கையும், எஃப் 1.8இல் ஏறக்குறைய 600இல் ஒரு பங்கையும் தரும். அடவு ஆடிச் சுழலும் கலைஞரை 60இல் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்திப் பிடிக்க இயலாது. 250இல் ஒரு பங்கு பெரும்பாலும் பிடித்துவிடும். அப்படியானால் எஃப் 1.8க்கே போய்விடலாமே என்று தோன்றும். 4 மீட்டரில் எஃப் 1.8இன் ஆழம் சுமார் 43 செ.மீ., எஃப் 2.8இன் ஆழம் சுமார் 68 செ.மீ. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்த ஒருவர் முன்னும் பின்னும் அடியெடுத்து ஆடும் வீச்சுக்கு முன்னது மிகக் குறுகலானது. அதோடு எஃப் 1.8இல், கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியை வாரி அடிக்கும் இடங்களில், தெளிவுத்தளத்துக்கு முன்னே ஊதா நிறமும் பின்னே பச்சை நிறமும் விளிம்பு கட்டுவதைப் பெரிதாக்கிப் பார்த்தால் காணலாம். எஃப் 2.8இல் அது பெருமளவு அடங்கிவிடுகிறது. ஆகவே கூத்துக்கு எஃப் 2.8இல் வைத்து, ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200க்கு ஏற்றிக்கொள்வதையே நான் விரும்புகிறேன். திரைக்குப் பின்னால் ஒப்பனை இட்டுக்கொண்டு அசையாமல் அமர்ந்திருப்பவரை அனுமதி கேட்டு எடுக்கும்போதுதான் எஃப் 1.8 முழுதாகக் கைகொடுக்கும்: அரிதாரம் பூசிய முகத்தில் இமைக்கோடு மட்டும் துலங்க, கையிலிருக்கும் கண்ணாடியும் பின்னால் தொங்கும் உடைகளும் வண்ணத் திட்டுகளாகிவிடும்.

கடைசி நாள் காலையில் நடக்கும் துரியோதனன் படுகளத்தில் நிலைமை தலைகீழ். தரையில் பல அடி நீளத்துக்குக் கிடக்கும் மண் உருவத்தைக் கால் பக்கமிருந்து எடுக்கும்போது, கால் முதல் கிரீடம் வரை தெளிவு வேண்டும். 5 மீட்டரில் ஃபோகஸ் செய்து எஃப் 11 வைத்தால், சுமார் 3.5 மீட்டரிலிருந்து 8.5 மீட்டர் வரை தெளிவு கிடைக்கிறது. அதே இடத்தில் எஃப் 1.8இன் ஆழம் 70 செ.மீ.க்குள் நின்றுவிடும். ஒரே திருவிழாவில், முந்திய இரவு எஃப் 2.8இல் இருந்த லென்ஸ் காலையில் எஃப் 11க்குப் போக வேண்டியிருக்கிறது என்பதே அபர்ச்சர் பற்றிய நல்ல பாடம்.

பகல் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், எஃப் 1.8க்குத் தேவைப்படும் ஷட்டர் வேகம் விநாடியில் 8000இல் ஒரு பங்கை நெருங்கும். 1500டி போன்ற தொடக்கநிலைக் கேமராக்களின் உச்ச வேகம் 4000இல் ஒரு பங்கு மட்டுமே. அதனால் எஃப் 1.8இல் எடுத்த வெயில் படங்களில் வெள்ளை வேட்டியும் வானமும் வெளிறிப் போகின்றன. எஃப் 2.8க்கு மூடினாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒகேனக்கலில் இதற்கு நேர்மாறான தேவை எழும். தொங்குபாலத்திலிருந்து அருவியை எடுக்கும்போது நீர் நூல்நூலாக வழிவது போல் தெரிய வேண்டுமானால் ஷட்டர் மெதுவாக வேண்டும். இந்த லென்ஸின் மிகச் சிறிய துளையான எஃப் 22க்கு மூடினாலும் வெயிலில் 50இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்க முடியாது. அதோடு எஃப் 11ஐத் தாண்டினால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விலகலால் படம் முழுவதும் கூர்மை குறையத் தொடங்கும். தெளிவின் ஆழம் கூடியும் தெளிவின் தரம் குறையும் நிலை அது. எனவே எஃப் 8இல் நிறுத்தி, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரைப் போட்டுக்கொள்வதே சரியான வழி. 49 மி.மீ. என்பது சிறிய அளவு என்பதால் ஃபில்டரின் விலையும் குறைவு. பரிசல்களை எடுப்பதற்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. கரையில் கவிழ்த்து வைத்த பரிசல்களின் வரிசையில் முதல் பரிசலின் மூங்கில் பின்னலில் ஃபோகஸ் செய்து எஃப் 4இல் எடுத்தால், மற்றவை ஒவ்வொன்றாகக் கரைந்து போவது பார்க்க இனிமையாக இருக்கும்.

கிருஷ்ணகிரிக் கோட்டை மலையிலோ இராயக்கோட்டை மலையிலோ ஏறி நிலக்காட்சி எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உதவும். ஏபிஎஸ்-சி கேமராவில் இந்த லென்ஸை எஃப் 8இல் வைத்து, சுமார் பதினாறரை மீட்டர் தள்ளியிருக்கும் பாறையிலோ மரத்திலோ ஃபோகஸ் செய்தால், 8 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாகப் பதியும். தொடுவானத்திலேயே ஃபோகஸ் செய்வதைவிட இது முன்னணியில் எட்டு மீட்டரைக் கூடுதலாகச் சேர்த்துத் தருகிறது. ஆனால் இந்த லென்ஸில் தூர அளவுக் குறிகள் கிடையாது. 1987இல் வந்த முதல் பதிப்பில் இருந்த அந்தச் சாளரம் 1990இலேயே நீக்கப்பட்டுவிட்டது. கற்றுக்கொடுக்கும் கருவியாக இதைப் பார்க்கும் எனக்கு இது உண்மையான குறை.

ஃபோகஸ் பற்றி வேறு சிலவும் உண்டு. கையால் திருப்பும் வளையம் மோட்டார் வழியாகவே இயங்குவதால், கேமரா அணைந்திருந்தால் வளையத்தைத் திருப்பிப் பயனில்லை. ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீள்கிறது. கேமராவை அணைக்கும்முன் அது உள்ளே போயிருப்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது, நீண்ட குழலில் அடிபட்டால் உள்ளே பழுதாகும். எஃப் 1.8இல் நடுப்புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழக்கம் இங்கே ஆபத்தானது. திருப்பும்போது தளமும் சேர்ந்து நகர்வதால் கண் மங்கிக் காது தெளியும். கண்ணுக்கு அருகிலுள்ள ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்துகொள்ள வேண்டும், அல்லது கேமராவின் பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வியூஃபைண்டரின் திரை, எஃப் 1.8இன் மங்கலை உள்ளபடி காட்டுவதில்லை; அதில் தெரிவதைவிடப் படத்தில் ஆழம் குறைவாகவே இருக்கும் என்பதால் அதை நம்பி முடிவு செய்யக்கூடாது.

இந்த லென்ஸ் பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. ஏபிஎஸ்-சி கேமராவில் இது 80 மி.மீ. லென்ஸுக்கு இணையான குறுகிய காட்சியையே தரும். ஒருவரை முழு உருவமாக எடுக்க நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். நம் வீடுகளின் கூடங்களில் அந்த இடம் இருப்பதில்லை. மண்டப மேடையில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்திச் சேர்த்தெடுக்கப் பத்துப் பதினோரு மீட்டர் வேண்டும். நடுங்குவதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இதில் இல்லை என்பதால், கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டரை 100இல் ஒரு பங்குக்குக் கீழே இறக்காமல் இருப்பது நலம். லென்ஸ் ஹூட் பெட்டியோடு வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். வீட்டு விசேஷங்களும் குழுப் படங்களுமே முதன்மைத் தேவை என்றால், கேனானிலேயே 2014இல் வந்த இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் அதிகம் பயன்படும். ஆனால் 24 மி.மீ.யில் தெளிவின் ஆழம் இயல்பாகவே அதிகம் என்பதால், அபர்ச்சரின் விளைவு அதில் இவ்வளவு பளிச்சென்று தெரியாது.

இரவுக் காட்சிகளில் 7 இதழ்களின் அழகைப் பார்க்கலாம். கோயில் திருவிழாவின் தொடர்விளக்குகள் பின்னணியில் இருக்க எஃப் 1.8இல் எடுத்தால், நடுப்பகுதியில் ஒளிவட்டங்கள் முழு வட்டமாகவும் ஓரங்களில் எலுமிச்சை வடிவிலும் விழும். அதே விளக்குகளை ஃபோகஸில் வைத்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி எஃப் 16இல் எடுத்தால், ஒவ்வொரு விளக்கும் 14 கதிர்கள் கொண்ட நட்சத்திரமாகும். இதழ்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் கதிர்கள் அதன் இருமடங்கு.

கேனானின் இஓஎஸ் ஆர் வகை மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள், அடாப்டர் இல்லாமல் பொருந்தும் 2020இல் வந்த ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம்மையே வாங்கலாம். அது 30 செ.மீ. வரை நெருங்கும், அதன் ஃபில்டர் அளவு 43 மி.மீ. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்காரர்கள் ஏஎஃப்-எஸ் என்று தொடங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸைப் பார்க்க வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கும் பழைய எஃப் 1.8 டி லென்ஸ், உடலில் மோட்டார் இல்லாத அந்தக் கேமராக்களில் தானாக ஃபோகஸ் செய்யாது.

பழைய லென்ஸ் வாங்க எண்ணுகிறவர்கள், விற்பவர் எஸ்டிஎம் என்று சொன்னாலும் மவுண்டைத் திருப்பிப் பார்த்து உலோகமா பிளாஸ்டிக்கா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன்விளிம்பில் 49 என்றிருந்தால் எஸ்டிஎம், 52 என்றிருந்தால் பழைய பதிப்பு. உங்கள் கேமராவில் மாட்டி, மேலே சொன்ன 2 விநாடி எஃப் 16 சோதனையைச் செய்து, இதழ்கள் தயங்காமல் மூடித் திறக்கின்றனவா, அவற்றின்மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு எஃப் 1.8இல் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து எடுத்து, நீங்கள் ஃபோகஸ் செய்த கோட்டிலேயே தெளிவு விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.